சுண்டுவுக்கு ஒரு சீட்

முப்பத்தொன்று. அதற்கு மேல் என் கை தாங்காது. இதை இவர்களிடம் எப்படிச் சொல்வது?

அவள் இப்படி நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் கூடமே சிரித்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நாத்தனாரின் கணவர் சாப்பாட்டு மேசைமேல் மடிக்கணினியை விரித்து வைத்து விமான டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் பம்பு விற்கும் வேலை அவருக்கு. வேலைக்காக இதுவரை நாற்பத்தாறு தடவை பறந்திருக்கிறார். கணக்கு அவருடையது, யாரும் கேட்காமலே சொல்வார். குடும்பத்தில் அவருக்குப் பைலட் என்றே பெயர். முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். உள்ளுக்குள் கொஞ்சம் இனிக்கத்தான் செய்யும்.

நாலு மணி நேரப் பயணம். அவள் கணவனின் தம்பி அங்கே குடியேறி ஒரு வருடமாகிறது. எல்லோருமாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவது என்று முடிவாகியிருந்தது.

“எங்களுக்கு ரெண்டு, உங்களுக்கு ரெண்டு. ஆக நாலு,” என்றார் பைலட். “சுண்டு மடியில.”

சுண்டு மேசைக்கு அடியில் இருந்தாள். ஒன்றே முக்கால் வயது. அப்பாவின் செருப்பு வாரை வாயில் வைத்து ருசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணா, சுண்டுவுக்கும் ஒரு சீட் போட்டுடுங்களேன்,” என்றாள் அவள். அவள் குரலுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாக்கியம் பாதி தாண்டியதும் படியிறங்கத் தொடங்கிவிடும். கடைசிச் சொல் அவளுக்கே கேட்காது.

“ரெண்டு வயசு வரைக்கும் தனி சீட் கேக்கவே மாட்டாங்கம்மா. மடியில வெச்சுக்கலாம். நாப்பத்தாறு தடவை பாத்தாச்சு.”

“ஏன், உனக்கு மடி இல்லையா?” என்றாள் நாத்தனார்.

அதற்குத்தான் அத்தனை சிரிப்பு. அவளும் சிரித்தாள். பிறகு அவளை உறுத்தியது நாத்தனாரின் கேள்வி அல்ல, அந்தச் சிரிப்புதான். கேலி செய்கிறவர்கள் பக்கம் போய் நின்றுகொண்டு தன்னையே பார்த்துச் சிரித்த சிரிப்பு. அதில் அவள் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தாள்.

கணவனைப் பார்த்தாள். மருந்துக் கடையில் வேலை செய்கிறவன். நாளெல்லாம் மற்றவர்களின் அவசரங்களுக்குப் பதில் சொல்லி அலுத்தவன். “பாத்துக்கலாம்,” என்றான். அவன் பாத்துக்கலாம் என்றால் இனி அதைப் பார்க்க மாட்டான் என்று பொருள்.

பைலட் நாலு டிக்கெட் போட்டு, மடிக்கணினியைப் படாரென்று மூடினார்.

*

அவள் வேலை செய்வது பெல்ட் கம்பெனியில் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து பைலட் அவளிடம் இடுப்பு பெல்ட் கேட்டுக்கொண்டிருக்கிறார். “நல்ல தோலா பாத்து ஒண்ணு கொண்டு வாம்மா. நாப்பது இஞ்ச்.” அங்கே தைப்பது வண்டிகளின் இருக்கையில் மாட்டும் பாதுகாப்பு பெல்ட். அவள் அதைத் திருத்தவே இல்லை. முதல் தடவை திருத்தக் கூச்சமாக இருந்தது. இரண்டாம் தடவை, முதல் தடவை சொல்லாமல் விட்டதற்காகக் கூச்சமாக இருந்தது. அப்புறம் சிரித்து வைப்பது பழகிவிட்டது. இப்படியே நாலு வருடம் ஓடிவிட்டது.

அவளுக்குச் சோதனை அறையில் வேலை. ஜன்னல் இல்லாத அறை. நடுவில் ஆள் உயரத்துக்கு ஓர் இயந்திரம். அதன் மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் பெல்ட் துண்டைக் கவ்வக் கொடுத்துப் பொத்தானை அழுத்தினால் அது நிதானமாக இழுக்க ஆரம்பிக்கும். முதலில் தையல் முனகும். பிறகு நூல் ஒவ்வொன்றாய்த் தெறிக்கும். கடைசியில் பட்டென்று ஒரு சத்தம். புதிதாக வந்தவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். எந்த எண்ணில் அறுந்தது என்று அவள் குறிக்க வேண்டும். ஒரே வகைப் பெல்ட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் எதையும் எழுதக் கூடாது என்பது அந்த அறையின் சட்டம்.

அந்த அறையில் மட்டும் அவள் குரல் படியிறங்குவதில்லை. அங்கே அவள் “இது தேறாது” என்று சொன்னால் முந்நூறு பெல்ட் அப்படியே திரும்பிப் போகும். மேலாளரே வந்து நின்றாலும் எண்ணைக் காட்டுவாள், அவ்வளவுதான். வாசலில் காலணியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பும்போது அந்தக் குரலையும் அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வருகிறோமோ என்று அவளுக்கு அவ்வப்போது தோன்றும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், சுண்டுவுக்கு ஊசி போட்டுவிட்டுப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தாள். குழந்தை மடியில். இரண்டு கையாலும் இறுக்கித்தான் பிடித்திருந்தாள். நாய் ஒன்று குறுக்கே ஓடியது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். அடுத்த நொடி மடி காலியாக இருந்தது. குழந்தை எப்போது போனாள் என்று தெரியவில்லை. கை வட்டம் போட்டபடி அப்படியே இருந்தது, உள்ளே ஒன்றுமில்லாமல். முன் இருக்கையின் முதுகில் மோதிக் கீழே கிடந்த சுண்டுவைப் பக்கத்துப் பெண்மணிதான் தூக்கிக் கொடுத்தாள். புருவத்துக்கு மேலே சின்னக் காயம். “கெட்டியாப் பிடிச்சுக்க வேணாமா?” என்று யாரோ சொன்னார்கள்.

வீட்டில், கட்டில் விளிம்பில் இடித்துக்கொண்டாள் என்று சொல்லிவிட்டாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சரளமாக அவள் பொய் சொன்னதில்லை.

நான் சரியாகப் பிடிக்கவில்லையோ? எந்த விரல் தளர்ந்தது? ஒரு வாரம் இந்தக் கேள்வி அவளோடு சாப்பிட்டது, அவளோடு தலை வாரிக்கொண்டது. பிறகு ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில், தையல் பிரிவில் வேலை செய்யும் கண்ணாடி அக்காவை (கண்ணாடி தடிமனைப் பார்த்து வைத்த பெயர்) சோதனை அறைக்குக் கூப்பிட்டாள். மணல் பை ஒன்றைத் துணியில் சுற்றிக் குழந்தை அளவுக்குக் கட்டினாள். அதிலிருந்து ஒரு பட்டையை இயந்திரத்தின் தாடையில் மாட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்து, பையைக் குழந்தையைப்போல் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“ஏண்டி, உனக்கு என்ன ஆச்சு?” என்றாள் கண்ணாடி அக்கா, நிறுத்தும் பொத்தானில் விரலை வைத்தபடி.

“இழுங்கக்கா. என் கை விடறப்ப எண்ணைப் பாத்துச் சொல்லுங்க.”

மூன்று முறை. முப்பத்திரண்டு, முப்பது, முப்பத்தொன்று கிலோ. உயிரைக் கொடுத்துத்தான் பிடித்தாள்; தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது. அதே இயந்திரத்தில் விரற்கடை அகலப் பெல்ட் ஆயிரத்தைத் தாண்டியும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதை அவள் தினமும் பார்க்கிறாள். சுண்டு பதினோரு கிலோ. ஆனால் பேருந்து குலுங்கி நின்ற அந்த நொடியில் அவள் பதினோரு கிலோவாக இருக்கவில்லை. ஐம்பதோ, அறுபதோ. எந்த அம்மாவின் கையும் பிடிக்க முடியாத ஒரு எண்.

அன்றைக்கு அவளுக்கு அழுகை வந்தது. நான் தளர்ந்து பிடிக்கவில்லை. கெட்டியாகத்தான் பிடித்திருந்தேன். கெட்டியாகப் பிடிப்பது போதாது, அவ்வளவுதான். மனத்திலிருந்து ஒரு பாறையை யாரோ புரட்டிப் போட்டாற்போல் இருந்தது.

*

டிக்கெட் போட்ட மறுநாள் காலை கணவன் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தான். சுண்டு தரையில் உட்கார்ந்து வாழைப்பழத்தைத் தலையில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“சுண்டு புருவத்துல இருக்கறது கட்டில்ல இடிச்சதில்ல,” என்றாள் அவள்.

முழுவதையும் சொன்னாள். பேருந்து, நாய், காலியான மடி, மணல் பை, எண். டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“மூணு மாசமா ஏன் சொல்லல?”

“நான்தான் விட்டுட்டேன்னு நெனச்சேன்.”

அவன் குனிந்து சுண்டுவின் புருவத்தைக் கட்டைவிரலால் தடவினான். வாழைப்பழம் அவன் சட்டையில் அப்பியது. கோபப்படுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். கோபம் இருந்தது, ஆனால் அது அவளைத் தேடி வரவில்லை.

“நான் பைலட் மாமாகிட்ட பேசறேன். அஞ்சாவது சீட் போடச் சொல்றேன்.”

“வேண்டாம்,” என்றாள். “நானே போடறேன்.”

இடைவேளையில், சோதனை அறையிலிருந்தே விமான நிறுவனத்துக்குப் போன் செய்தாள். வேண்டுமென்றேதான் அங்கிருந்து பேசினாள். அந்த அறையின் குரல் அவளுக்குத் தேவைப்பட்டது.

“குழந்தைக்குத் தனி சீட் வேணும். குழந்தை நாற்காலி கொண்டு வருவோம். எந்த சீட்ல வைக்கலாம்?”

“ஜன்னலோரம் மட்டும்தான் மேடம். அவசரத்துல மத்தவங்க வெளிய வர்றப்ப நாற்காலி வழியை அடைக்கக் கூடாது, இல்லையா. அவசர வழிக் கதவு இருக்கற வரிசைல முடியாது. அதுக்கு முன் வரிசை, பின் வரிசையும் வேண்டாம்.”

“உங்க சீட் எவ்வளவு அகலம்?”

எதிர்முனை கொஞ்சம் திணறியது. “அகலமா மேடம்?”

“ஒரு கைப்பிடிக்கும் இன்னொரு கைப்பிடிக்கும் நடுவுல. சென்டிமீட்டர்ல.”

“இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல மேடம். இருங்க.” நாலு நிமிடம் ஏதோ ஒரு குழலிசை. “நாப்பத்துமூணு.”

சுண்டுவுக்கு இருபத்திரண்டாம் வரிசை ஜன்னல். பைலட் போட்டிருந்த அவளுடைய சீட்டையும் கணவனுடையதையும் அதன் பக்கத்துக்கே மாற்றிக்கொண்டாள். போனை வைத்ததும் அவள் தானாகவே சோதனைக் குறிப்பேட்டை எடுத்து, பிறகு சிரித்துக்கொண்டு மூடி வைத்தாள்.

வண்டி இருக்கையில் குழந்தைக்காக மாட்டும் அந்த நாற்காலி கண்ணாடி அக்காவிடம் இருந்தது. அவள் பையன் வளர்ந்துவிட்டான்.

“ஏதாவது விபத்துல மாட்டியிருக்காக்கா இது? ஒரு தடவை பலமா இடி வாங்கியிருந்தா உள்ள விரிசல் இருக்கும்.”

“எங்க வண்டி இருபதுக்கு மேல போனதே இல்ல. அவர் ஓட்டினா நடந்து போறவன் முந்திட்டுப் போவான்.”

அவள் நாற்காலியைக் கவிழ்த்தாள். அடியில் ஒட்டியிருந்த தாளில் விமானத்திலும் பயன்படுத்தலாம் என்று இருந்தது. காலாவதித் தேதிக்கு இன்னும் மூன்று வருடம். அகலம் நாற்பத்திரண்டு. மூன்று முறை அளந்தாள். பெல்ட்டின் தையலை ஓரம் ஓரமாய் நகத்தால் நிமிண்டிப் பார்த்தாள்.

“அது நான் தைச்சதுடி,” என்றாள் கண்ணாடி அக்கா. “நீ அன்னைக்கே இழுத்துப் பாத்து எழுதினதுதான்.”

கூடத்தின் நடுவே நாற்காலியை வைத்ததும் சுண்டு அதைச் சுற்றி வந்தாள், தட்டினாள், ஏறினாள், அப்புறம் இறங்க மறுத்துவிட்டாள். மூன்று நாள் அதில் உட்கார்ந்தே சாப்பிட்டாள். பொம்மைக் கரடியை அதில் உட்கார வைத்துப் பூட்டச் சொல்லி அடம் பிடித்தாள்.

வியாழக்கிழமை வந்த நாத்தனார் அதைப் பார்த்துக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். “பெத்த பிள்ளையை நாற்காலியில கட்டிப்போட்டுக் கூட்டிட்டுப் போறவளை இப்பதான் பாக்கறேன். நானும் ஒண்ணு வளர்த்தேன். தரையில விட்டதில்ல.”

அது அவளைக் குத்தியது. ஏனென்றால் அதை ஒட்டிய ஒரு கேள்வியை அவள் தனக்குள் ஏற்கெனவே கேட்டிருந்தாள். நாலு மணி நேரம் கை சும்மா இருக்கும் என்பதில் உனக்கு ஒரு ஆசையும் இல்லையா? இருந்தது. அந்த ஆசையை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். அதில் வெட்கப்பட எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. குழந்தை பத்திரமாக இருப்பதும் அம்மா கொஞ்சம் கை காலை நீட்டுவதும் ஒன்றுக்கொன்று பகை என்று யார் சொன்னது?

“நல்லா வளர்த்தீங்கண்ணி,” என்றாள். “நான் இப்படி வளர்க்கறேன்.”

நாத்தனார் வாயைத் திறந்தாள். டீ கேட்டாள்.

*

விமான நிலையத்தில் கணவன் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தான். சுண்டு கரடியோடு தள்ளுவண்டிப் பெட்டிகளின்மேல் வீற்றிருந்தாள். பைலட் முன்னால், கழுத்தில் ஒரு தலையணையை மாலைபோல் மாட்டிக்கொண்டு.

கவுண்டரில் இருந்த பெண் டிக்கெட்டுகளைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். சுண்டுவைப் பார்த்தாள்.

“குழந்தை இருபத்திரண்டாம் வரிசை. நீங்க நாலு பேரும் பதினாலாம் வரிசை,” என்றாள். “இவங்க தனியாப் பயணம் பண்றாங்களா?”

யாருக்கும் புரியவில்லை. பைலட் மட்டும் தொண்டையைச் செருமினார்.

“ஒரு ஆச்சரியம் குடுக்கலாம்னு இருந்தேன். நேத்து சாயங்காலம் உட்கார்ந்து மாத்திட்டேன். பதினாலு அவசரக் கதவு வரிசை. காலை இப்படி நீட்டலாம்.” காலை நீட்டிக் காட்டினார். “அது சட்டுனு கிடைக்காது. நாலு பேரும் ஒண்ணா இருக்கலாமேன்னு பாத்தேன். சுண்டு சீட்டை மட்டும் மாத்த விடல. சரி, மடியிலதானே இருக்கப்போறான்னு விட்டுட்டேன்.”

அவர் முகத்தில் பரிசு கொடுத்தவனின் எதிர்பார்ப்பு இருந்தது. அதைப் பார்க்க அவளுக்குப் பாவமாகவும் இருந்தது. அன்பாகத்தான் செய்திருக்கிறார். அந்த அன்பு ஒரு தடவைகூட அவளைக் கேட்டுவிட்டு வந்ததில்லை.

“அந்த வரிசைல குழந்தைங்க உட்காரக் கூடாதுங்க. மடியிலயும்கூட,” என்றாள் கவுண்டர் பெண்.

“அப்படியா? நாப்பத்தாறு தடவைல நான் குழந்தையோட போனதில்லையே,” என்றார் பைலட். “சரி, ஒண்ணும் பிரச்சினை இல்ல. இருபத்திரண்டுல இவளை உட்கார வெச்சு, குழந்தையை மடியில குடுத்துடுங்க. நாற்காலி பெட்டியோட கீழ போகட்டும். விஷயம் முடிஞ்சுது.”

பின்னால் வரிசை நீண்டிருந்தது. யாரோ பெருமூச்சு விட்டார்கள். யாருடையதோ பெட்டி அவள் குதிகாலில் இடித்தது. “விடேன், எல்லாரும் பாக்கறாங்க,” என்றாள் நாத்தனார். கணவன் நாற்காலியைத் தலையிலிருந்து இறக்கித் தரையில் வைத்தான். அதன்மேல் கை வைத்து, அதை யாரும் எடுத்துப் போகாதபடி நின்றான். அவளைப் பார்த்தான். இந்தத் தடவை பாத்துக்கலாம் என்று சொல்லவில்லை.

சிரித்து வைக்கும் சிரிப்பு உதட்டுக்கு வந்துவிட்டது. அவளுக்கே தெரிந்தது. அதை அப்படியே விழுங்கினாள்.

“இந்த நாற்காலி கீழ போகாது,” என்றாள். “இதுல உட்கார வைக்கத்தான் குழந்தைக்கு ஜன்னல் சீட் வாங்கியிருக்கேன். பக்கத்துல நான் இருக்கணும். இருபத்திரண்டுல இடம் இல்லன்னா வேற வரிசைல ஜன்னலும் நடு சீட்டும் சேர்ந்தாப்ல பாருங்க. கதவு வரிசைக்கு முன்னாடியும் பின்னாடியும் வேண்டாம். நான் காத்திருக்கேன்.”

கடைசிச் சொல்வரை அவளுக்கே கேட்டது. தொழிற்சாலையில் ஜன்னல் இல்லாத அந்த அறையிலிருந்து குரல் எப்படியோ வழி கண்டுபிடித்து வந்து சேர்ந்திருந்தது.

கவுண்டர் பெண் நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டுத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். கழுத்துத் தலையணைக்கு நடுவில் பைலட்டின் முகம் சின்னதாகத் தெரிந்தது.

“உனக்கு இதெல்லாம் எப்படிம்மா தெரியும்?” என்றார். கேலி இல்லை; நிஜமாகவே கேட்டார்.

“என் வேலையே அதுதாண்ணா. பெல்ட்.”

“இடுப்பு பெல்ட்தானே?”

“இல்லண்ணா. சீட் பெல்ட். எவ்வளவு தாங்கும்னு இழுத்துப் பாக்கறது என் வேலை. நாலு வருஷமா சொல்லணும்னு இருந்தேன்.”

அவர் யோசித்தார். “அப்ப என் நாப்பது இஞ்ச்?”

“கடையில வாங்கிக்கோங்கண்ணா.”

முதலில் சிரித்தது கவுண்டர் பெண்தான். அப்புறம் கணவன். பின்னால் பெருமூச்சு விட்டவர்கூடச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இந்தச் சிரிப்பு அவளைப் பார்த்து அல்ல என்பதால் நின்று நிதானமாக ரசித்தாள்.

“இருபத்தஞ்சாம் வரிசை. ஜன்னல், நடு, ஓரம், மூணும் சேர்ந்தாப்ல இருக்கு,” என்றாள் கவுண்டர் பெண். “பதினாலுல உட்கார்றவங்க ஒரு விஷயம் ஒத்துக்கணும். அவசரம்னா கதவைத் திறக்க உதவி பண்ணணும். சம்மதமா?”

“நான் கதவெல்லாம் திறக்க மாட்டேன்,” என்றாள் நாத்தனார் உடனே. “எங்க வீட்டு ஜாடியையே இவர்தான் திறப்பார். எனக்கும் இருபத்தஞ்சுலயே போடும்மா.”

ஆக, ஆண்கள் இருவரும் கால் நீட்டப் போனார்கள். பெண்கள் மூவரும் இருபத்தைந்துக்கு.

*

ஜன்னலோர இருக்கையில் நாற்காலியை வைத்து, விமானத்தின் பெல்ட்டை அதன் முதுகுக்குள் நுழைத்துப் பூட்டி, முழங்காலால் நாற்காலியை அழுத்திக்கொண்டு பெல்ட்டை இழுத்து இறுக்கினாள். பிறகு நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். விரற்கடைகூட அசையவில்லை. அந்த வழியாக வந்த விமானப் பணிப்பெண் தானும் ஒரு முறை ஆட்டிப் பார்த்தாள்.

“நீங்க எங்க வேலைக்கு வந்துடலாம்,” என்றாள்.

சுண்டு ஏறி உட்கார்ந்தாள். தோள்வார், இடுப்புவார், பூட்டு. வழக்கமான இடம்தானே என்பதுபோல் கரடிக்கும் ஓரமாக இடம் ஒதுக்கினாள்.

விமானம் ஓடத் தொடங்கியதும், ஓர இருக்கையிலிருந்து ஒரு கை வந்து அவள் மணிக்கட்டைப் பற்றியது. நாத்தனாரின் கை. பச்சைத் தண்ணீரில் ஊறினாற்போல் சில்லிட்டிருந்தது. கண்கள் இறுக மூடியிருந்தன.

“அண்ணி, பயமா?”

“பயமெல்லாம் இல்ல,” என்றாள் நாத்தனார், கண்ணைத் திறக்காமல். “மடியில பிள்ளை ஏதாவது இருந்தா தெரியாது. பிடிச்சுக்க ஒண்ணு இருக்கும்.”

இதுவா விஷயம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். இத்தனை நாள் மடி, மடி என்று அண்ணி சொன்னதெல்லாம் குழந்தையைப் பற்றி மட்டும் அல்ல. பிடித்துக்கொள்ளத் தனக்கு ஒன்று வேண்டும் என்பதும் அதில் இருந்திருக்கிறது. குழந்தை அதற்கு அல்ல. ஆனால் மணிக்கட்டு இருக்கிறது. அவள் அதை அப்படியே விட்டு வைத்தாள்; நகம் பதிந்தது, பரவாயில்லை.

மேலே போனபின் ஒன்றும் நடக்கவில்லை. அவ்வளவு சாதுவான வானம். சுண்டு மேகத்தைப் பார்த்து “பாப்பா” என்றாள். பிறகு தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். சாப்பாட்டுத் தட்டு வந்தது. அவள் அதை இரண்டு கையாலும் சாப்பிட்டாள். சூடாக. ஒரு கை குழந்தையைத் தாங்க, மறு கை ஆறிப்போனதை அவசரமாய் அள்ள என்று இல்லாமல், ரொட்டியைப் பிய்த்து, வெண்ணெய் தடவி, மென்று. ஒன்றே முக்கால் வருடத்தில் முதல் தடவை. காப்பியைக் கடைசித் துளிவரை குடித்தாள். கால்களை நீட்டினாள்; இருபத்தைந்தாம் வரிசையில் அதற்கு அவ்வளவாக இடமில்லை, ஆனாலும் நீட்டினாள்.

பைலட் நடந்து வந்து எட்டிப் பார்த்தார். தூங்கும் குழந்தையையும் காலியான தட்டையும் பார்த்தார்.

“ஒரு குலுக்கல்கூட இல்ல,” என்றார். “இவ்வளவு பாடு பட்டிருக்க வேண்டாம்.”

“குலுங்கலேன்னா நல்லதுதானேண்ணா,” என்றாள்.

அவர் தலையாட்டினார். போகிற போக்கில், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, நாற்காலியின் விளிம்பைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இறங்கப்போவதாக அறிவிப்பு வந்தது. விமானம் மூக்கைத் தாழ்த்தியதும் சுண்டு விழித்துக்கொண்டாள். காது அடைத்திருக்க வேண்டும். ஒரு கணம் திகைத்துப் பார்த்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். சாதாரண அழுகை அல்ல. முன் வரிசையில் தலைகள் திரும்பின. அம்மாவைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டினாள். “தூக்கு,” என்றாள். அவள் கற்றிருந்த பதினைந்து இருபது சொற்களில் அதுதான் மிகத் தெளிவான சொல். “தூக்கு. தூக்கு.”

அவள் உடம்பு முழுவதும் அந்தச் சொல்லை நோக்கி எழுந்தது. மார்பு, தோள், விரல் எல்லாம். பூட்டைத் திறக்க ஒரு நொடி போதும். இத்தனை நாள் அவள் மற்றவர்களோடுதான் வாதாடியிருந்தாள். அது சுலபம் என்று இப்போது தெரிந்தது. கீழே கட்டடங்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன.

தண்ணீர்ப் புட்டியின் உறிஞ்சு குழலைச் சுண்டுவின் உதட்டில் வைத்தாள். சுண்டு தட்டிவிட்டாள். மறுபடி வைத்தாள். கன்னத்தைக் குழந்தையின் கன்னத்தோடு சேர்த்து, “குடிடா, காது சரியாயிடும், அம்மா இங்கதான் இருக்கேன்,” என்றாள். ஈரக் கன்னம். நீண்டிருந்த கைகள் இப்போது அவள் தலைமுடியைப் பற்றி இழுத்தன. இழுக்கட்டும் என்று விட்டாள்.

“தூக்கி மடியில வெச்சுக்கோயேன்,” என்றாள் நாத்தனார். குரல் உடைந்திருந்தது, அவள் கண்ணும் கலங்கியிருந்தது. “இன்னும் அஞ்சு நிமிஷம்தானே. பிள்ளை எப்படித் துடிக்கறா பாரு. எனக்காகவாவது எடும்மா.”

அவள் திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள். கோபம் வரவில்லை. விளக்கம் சொல்லவும் தோன்றவில்லை. காலியாக இருந்த கையால் நாத்தனாரின் சில்லிட்ட கையைத் தேடிப் பற்றிக்கொண்டாள்.

“இல்லண்ணி,” என்றாள். “அவ அங்கயே இருக்கட்டும்.”